எனக்குள்ள ரெண்டுதான்

இரத்தநோய்ப் பிரிவில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி அம்மாவின் நோயைப் பற்றியது அல்ல. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்யவா என்று கேட்டார். நான் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினேன். வேறொரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், நீங்கள் சொல்லப்போவது எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான், நானே அம்மாவுக்குச் சொல்லிவிடுவேன் என்றேன். அன்று எனக்கு விடுமுறை. அட்டையை வேண்டுமென்றே போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்கும் போனேன். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை, அம்மா மறைக்க விட்டதுமில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீர் வருவதற்கு முன்னால் என் பட்டமளிப்புப் படம் வந்துவிடும்.

அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. கிழக்கு லண்டனில் நாங்கள் இருக்கும் பார்க்கிங் பகுதியிலிருந்து முதல் பஸ்ஸில் ஆபீஸ் துப்புரவு ஷிப்டுக்குப் போகிறவர். ஆறு மாதமாக இடுப்பில் நாரி நோவு. "குனிஞ்சு குனிஞ்சு மொப் பிடிச்சா நாரி நோகாமல் வேறென்ன நோகும்?" என்று சிரிப்பார். குடும்ப மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது அதில் ஒருவகைப் புரதம் அளவுக்கு மேல் இருந்தது. அப்படித்தான் இந்தப் பிரிவுக்கு அனுப்பப்பட்டோம்.

நோயின் பெயர் மைலோமா. எலும்புகளின் உள்ளே மச்சை என்று மென்மையான ஒரு பகுதி இருக்கிறது. இரத்தம் அங்கேதான் உருவாகிறது. அங்கே இருக்கும் ஒருவகை நுண்ணிய அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி, எலும்பை உள்ளிருந்தே அரித்துவிடுகின்றன. முற்றாகக் குணமாகாது, ஆனால் நேரத்தோடு மருந்து தொடங்கினால் பல வருடங்கள் நல்லபடி வாழலாம். மருத்துவர் இதை அழகாக, பொறுமையாகச் சொன்னார். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"அம்மா, உங்கட எலும்புக்குள்ள கெட்ட செல் இருக்காம். அது பரவிக்கொண்டு போகுதாம்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மருத்துவரைப் பார்த்தார்.

"செல்லோ?"

"ஓம், செல்."

"எத்தினையாம்?"

"அதெல்லாம் எண்ண ஏலாது அம்மா. லட்சக்கணக்கில."

"லட்சமோ? எனக்குள்ள ரெண்டுதான் இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அம்மா என்ன சொன்னார் என்று மருத்துவர் கேட்டார். சும்மா பகிடி விடுகிறார் என்றேன்.

போருக்குள் வாழ்ந்த எங்கள் சனத்துக்குச் செல் என்றால் பீரங்கியிலிருந்து வந்து விழுந்து வெடிப்பது. செல்லடி, செல் துண்டு, செல் பட்ட காயம். வேறு பொருள் கிடையாது. நான் ஒன்பது வயதில் லண்டனுக்கு வந்தவள். உடலின் நுண்ணிய அணுவை ஆங்கிலத்தில் படித்து, அதே சொல்லைத் தமிழ் வாயால் சொல்லிவிட்டேன். இலங்கைப் பாடப்புத்தகங்களில் அதற்குக் கலம் என்று ஒரு சொல் இருக்கிறது. அன்று எனக்கு அது தெரியாது. தெரியாது என்பதுகூடத் தெரியாது.

அன்றைக்கு அம்மா விளங்கிக்கொண்டது இதுதான்: என் உடம்பில் செல் துண்டு இருப்பதை ஆஸ்பத்திரிக்காரர் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கே, எப்போது, யாரோடு நின்றபோது பட்டது என்று இனிக் கேட்பார்கள்.

அதற்குப் பிறகு அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். கால் விறைக்கிறதா, ஊசி குத்துவதுபோல இருக்கிறதா, நடக்கும்போது தடுமாறுகிறதா என்று மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். முதுகெலும்பு அரிக்கப்பட்டால் முதலில் தெரியும் அறிகுறிகள் அவை. நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன்.

"இல்லை. இல்லை. சுகமா இருக்கிறன் எண்டு சொல்லு."

இடுப்பெலும்பில் ஊசி ஏற்றி மச்சை எடுக்க வேண்டும் என்றார்கள். "துளைச்சுப் பாக்க வேண்டாம்" என்றார் அம்மா. முழு உடலையும் படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். அதுவும் வேண்டாம். அம்மாவுக்கு ஊசி என்றால் பயம் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னேன். மருத்துவர் வற்புறுத்தவில்லை. இங்கே நோயாளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். யோசித்துவிட்டு மூன்று வாரத்தில் வாருங்கள் என்றார்.

மூன்று வாரம் கழித்தும் அதே பதில். அந்தக் காத்திருப்பு அறையின் நீல நாற்காலிகளில் அம்மா எப்போதும் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில்தான் இருப்பார். மற்ற நோயாளிகள் சுவரில் ஓடும் தொலைக்காட்சியைப் பார்ப்பார்கள். அம்மா உள்ளே வருகிறவர்களைப் பார்ப்பார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, ஆஸ்பத்திரியில இருந்து இம்மிகிரேஷனுக்குச் சொல்லுவினமோ?"

"எதைச் சொல்லுறது? நாங்க சிட்டிசன் அம்மா. நோய் வருத்தம் வந்தா ஆரும் பாஸ்போட்டைப் பறிக்க மாட்டினம்."

"உன்ர வேலைக்கு?"

"என்ர வேலைக்கு என்ன? லீவு தருவினம். நீங்கள் டெஸ்ட்டுக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ, அது போதும்."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. "படிக்காத சனம் மாதிரிக் கதைக்காதேங்கோ அம்மா" என்றேன். பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் இருந்த தமிழர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"படிக்காத சனந்தானே பிள்ளை" என்றார் அம்மா. கோபமாக அல்ல. ஒரு படிவத்தில் இருப்பதைச் சரியென்று உறுதிப்படுத்துவதுபோல.

ஏழாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, அம்மா குளியலறையில் விழுந்தார். வழுக்கி விழவில்லை. கால் இரண்டும் இல்லாததுபோல் அப்படியே மடிந்துவிட்டது. "என்ர காலைக் காணேல்லைப் பிள்ளை" என்றார். தூக்கி எழுப்ப முயன்றேன். முடியாமல் ஆம்புலன்சுக்குப் போன் அடித்தேன்.

அவசரப் பிரிவில் எல்லாம் வேகமாக நடந்தது. முதுகை எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்றார்கள். அது பெரிய காந்தத்தால் படம் பிடிக்கும் இயந்திரம். அதனால் உடம்பில் இரும்புத் துண்டு ஏதும் இருக்கிறதா என்று படிவத்தில் கேட்பார்கள். இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை. பணியில் இருந்த தாதி மொழிபெயர்ப்பாளரை அழைத்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். சாம்பல் நிறக் கம்பளிச்சட்டை, கையில் ஒரு சிறிய குறிப்புப் புத்தகம்.

"அம்மா, நான் கேக்கிறதுக்கு உண்மையாப் பதில் சொல்லுங்கோ. இந்தக் கதை இந்த அறையை விட்டு வெளியில போகாது. உங்கட உடம்பில உலோகத் துண்டு ஏதும் இருக்கோ?"

அம்மா என்னைக் காட்டினார். "அதுதான் மகள் சொன்னவளே. செல் இருக்கெண்டு அண்டைக்கே கண்டுபிடிச்சிட்டினம். ரெண்டு. இடுப்பில ஒண்டு, விலாவில ஒண்டு."

மொழிபெயர்ப்பாளர் எழுதுவதை நிறுத்தினார். "தங்கச்சி, நீங்கள் வருத்தத்தைப் பற்றி அம்மாவுக்கு என்னெண்டு சொன்னனீங்கள்?"

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நான் செய்த பிழை எனக்கே கேட்டுவிட்டது. அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கலம் என்றால் என்ன, நோய் என்றால் என்ன, செல் துண்டுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று விளக்கினார். நான்கு நிமிடம்கூட எடுக்கவில்லை. என் படிப்பு ஏழு வாரத்தில் செய்யாததை நான்கு நிமிடத்தில் செய்தார்.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப மூண்டு கிழமையா விறைப்பு இருக்கு."

எக்ஸ்ரேயில் இரண்டு துண்டுகளையும் பார்த்தேன். எலும்புகள் சாம்பல், அவை வெள்ளை. பழையவை, அசையாதவை, ஆபத்தில்லை என்று முடிவு செய்த பிறகே எம்ஆர்ஐ எடுத்தார்கள். நோய் அரித்த முதுகெலும்பு ஒன்று நொறுங்கி, அதற்குள்ளே ஓடும் நரம்புத் தண்டை நெரித்துக்கொண்டிருந்தது. வீக்கம் குறைய ஸ்டீரோய்ட் மருந்து. பிறகு ஐந்து நாள் கதிர்ச் சிகிச்சை. கால் திரும்பி வருமா என்று நான் கேட்டபோது, பார்ப்போம் என்றார்கள். அந்தச் சொல்லை என் வேலையில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

வார்டில் முதல் நாள், தாதிமார் அம்மாவைப் பக்கம் திருப்பியபோது நோவு தாங்காமல் அம்மா கத்தினார். "ஆமாங்க, அங்கதாங்க, வலிக்குதுங்க." எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. அம்மா ஓம் என்பார், நோகுது என்பார். மொழிபெயர்ப்பாளர் குனிந்து கேட்டார்.

"அம்மா மலைநாட்டுத் தோட்டப் பக்கமோ?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஓம் என்று தலையசைத்தார். நாங்கள் கிளிநொச்சி என்றுதான் நான் சின்ன வயதிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

கதிர்ச் சிகிச்சை அறைக்கு வெளியே தள்ளுகட்டில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு நாளும் முக்கால் மணிநேரம், ஒரு மணிநேரம் காத்திருக்க வேண்டும். அங்கேதான் ஐந்து நாளிலும் அம்மா சொன்னார். நான் கேட்கவில்லை. மேலே இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு அவராகச் சொன்னார்.

அம்மாவின் ஆட்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்டு, வடக்கே கிளிநொச்சி இருக்கும் வன்னிக்கு வந்தவர்கள். அங்கே காணியில்லை, கூலிதான். ஒன்பது வயதில் அம்மாவை வயலும் கடையும் வைத்திருந்த ஒரு வீட்டில் விட்டார்கள். சம்பளம் இல்லை. சாப்பாடும் உடுப்பும். "அந்த வீட்டில நிண்டனான்" என்றார் அம்மா. வேலைக்கு இருப்பதை நிற்பது என்றுதான் அங்கே சொல்வார்கள். "பதினெட்டு வருசம் நிண்டனான்."

அந்த வீட்டில் பிறந்த ஒரே பிள்ளையை அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தார். அவர்களின் வயலில் வேலை செய்த ஒருவரைக் கட்டினார். நான் பிறந்தேன். அப்பா வயலில் செல் விழுந்து இறந்துபோனார். எனக்கு ஐந்து வயதாகும்போது, வீட்டுக்கு ஒருவர் போருக்கு வர வேண்டும் என்று இயக்கம் கேட்டது. அந்த வீட்டுக்காரருக்கு இருந்தது அந்த ஒரு பெண் மட்டுமே. லட்சுமியும் எங்கள் வீட்டு ஆள்தானே என்று அம்மாவின் பெயரைக் கொடுத்தார்கள்.

"நீங்கள் ஏலாது எண்டு சொல்லேல்லையோ?"

"ஆரிட்டச் சொல்லுறது? ஆனா ஒண்டு கேட்டனான். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவீங்களோ எண்டு. ஓம் எண்டாங்க. சத்தியம் பண்ணினாங்க."

எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் நினைவிருக்கிறது. வெள்ளைச் சட்டை. கால்மேஸ் என்கிற காலுறை ஒன்று அடிக்கடி கீழே இறங்கும். அம்மா எங்கே என்று கேட்டதும் நினைவிருக்கிறது. வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். அது பொய்யும் இல்லை.

இயக்கத்தில் அம்மாவின் தலைமுடியை வெட்டினார்கள். சில வாரப் பயிற்சி. பிறகு காயப்பட்டவர்களைத் தூக்குகிற வேலை. பதுங்குகுழியில் இவரோடு இரண்டு பெண்கள். அவர்களும் வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதிலாக வந்தவர்கள். அதில் ஒருத்தி பெரிய பகிடிக்காரி. "நாங்கள் செத்தா ஆரின்ர வீட்டில அழுவினம்? எங்கட வீட்டிலயோ அவையின்ர வீட்டிலயோ?" என்று கேட்பாளாம். இதைச் சொல்லும்போது அம்மா சிரித்தார். கட்டில் குலுங்கியது. அவள் இறந்தபோது அம்மாதான் தூக்கிப்போனார். எந்த வீட்டில் அழுதார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது.

"எதிர்ப் பக்கமும் பெடியங்கள்தான் பிள்ளை. ஒருத்தன் காயத்தோட எங்கட பக்கம் மாறி விழுந்து கிடந்தான். தண்ணி கேட்டான். சிங்களம் எனக்குக் கொஞ்சம் விளங்கும், தோட்டத்தில பழகின என்ர அம்மாவிட்டக் கேட்டது. அம்மே, அம்மே எண்டான். குடுத்தன். குடிக்க முதல் போயிட்டான்."

கடைசியில் கடற்கரை மணலில் சனத்துக்கு நடுவே இரண்டு துண்டு பட்டது. மயக்க மருந்து இல்லாததால் எடுக்காமல் கட்டிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் தன் சட்டை ஒன்றைக் கொடுத்து, "இதை மாத்திக்கொண்டு சனத்தோட சனமாப் போ தங்கச்சி" என்றாளாம். அம்மா மாற்றிக்கொண்டு, தறப்பாள் கூடாரங்களுக்குள் அந்த வீட்டாரோடு இருந்த என்னைத் தேடிப் பிடித்தார். ஒரேயொரு நாள் இயக்கத்தில் இருந்தவர்கள்கூட முன்னால் வரவேண்டும் என்று இராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னபோது அம்மா போகவில்லை. அன்றிலிருந்து யாரிடமும் சொல்லவுமில்லை.

ஐந்தாவது நாள் சிகிச்சை முடிந்து வார்டுக்குத் திரும்பியபோது, தெற்கு லண்டன் சட்டனிலிருந்து சுபா அக்கா வந்திருந்தார். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்தவர், சொந்தக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். எங்களை லண்டனுக்கு எடுப்பிக்க உதவியவர். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எனக்கு உடுப்பு வாங்கித் தருவார். புட்டும் சொதியும் ஒரு பெட்டியில் கொண்டுவந்திருந்தார்.

"லட்சு, என்னடி இது கோலம்?"

அவரைக் கண்டதும் அம்மா இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றினார். எழும்பப் பார்த்தார். இடுப்புக்கு மேலே எல்லாம் எழும்பியது. கீழே ஒன்றும் அசையவில்லை. அம்மா தன் காலைப் பார்த்தார், பிறகு வெட்கப்பட்டவர்போலச் சிரித்தார்.

"குறை நினைக்காதேங்கோ சுபா. பிள்ளை, அக்காவுக்குக் கதிரை எடுத்துக் குடு."

ஒன்பது வயது மூத்தவர் நீங்கள் என்கிறார். இளையவர் நீ என்கிறார். அம்மா யாருக்குப் பதிலாகப் போருக்குப் போனாரோ அந்த வீட்டுப் பெண் இவர்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் நாற்காலி எடுக்கவில்லை. வெளியே வாருங்கள் என்று கூப்பிட்டேன்.

தாழ்வாரத்தில் சுபா அக்கா எதையும் மறுக்கவில்லை. "எனக்கு அப்ப பதினெட்டு வயசு. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

"அம்மாவையும் ஒருத்தரும் கேக்கேல்லை."

"அவ எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி."

"மாதிரி" என்றேன் நான்.

அவர் அழத் தொடங்கினார். "முகாம் வாசலில ஆமி உன்ர அம்மாவை மறிச்சு, இவ ஆர் எண்டு கேட்டவங்கள். இவ எங்கட வேலைக்காரி, சின்னனில இருந்து எங்களோடதான் நிக்கிறாள் எண்டு என்ர அம்மாதான் சொன்னவ. அப்பிடிச் சொன்னபடியாத்தான் விட்டவங்கள். அதையும் கேட்டியோ அவளிட்ட?"

கேட்கவில்லை. போருக்கு அனுப்பியதும் அந்த வீடுதான், திரும்ப எடுத்ததும் அந்த வீடுதான். புட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். அம்மா அதை விருப்பமாகச் சாப்பிட்டார்.

அதற்கடுத்த வாரம், ஒரு பின்னேரம், நான் தேநீர் எடுக்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வரும்போது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும். கால் இனி வராது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்ற மருந்துகள் வேலை செய்கின்றன, நோய் அடங்குகிறது, ஆனால் கால் வராது. நான் திரைக்கு வெளியே இரண்டு கோப்பைகளோடு நின்றேன்.

"ஒரு கேள்வி கேக்கலாமோ? மகள் வரமுந்தி."

"கேளுங்கோ அம்மா."

"விறைக்கத் தொடங்கின அண்டைக்கே நான் சொல்லியிருந்தா, நடந்திருப்பனோ?"

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். மருத்துவர் சொன்ன பதிலை நான் அம்மாவுக்கு முந்தியே கேட்டுவிட்டேன். பிறகு தமிழில் இன்னொரு தரம் கேட்டேன்.

"நிச்சயமாச் சொல்ல ஏலாதாம் அம்மா. ஆனா அநேகமா நடந்திருப்பீங்களாம்."

"சரி" என்றார் அம்மா. "மகள் கேட்டா, முந்திச் சொல்லியிருந்தாலும் இப்பிடித்தான் வந்திருக்கும் எண்டு சொல்லச் சொல்லுங்கோ."

அதையும் மொழிபெயர்த்தார். அப்படிப் பொய் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

"அப்ப அவர் ஒண்டும் சொல்லவேண்டாம். நானே சொல்லுறன். அவள் படிச்ச பிள்ளை, யோசிச்சு யோசிச்சே உடைஞ்சு போயிடுவாள்."

நான் தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தேன். திரை விலகியிருந்தது.

"எங்க போனனீ? டொக்டர் வந்திட்டுப் போறார். கால் வராதாம். முந்திச் சொல்லியிருந்தாலும் ஒண்டும் செய்திருக்க ஏலாதாம் பிள்ளை. வருத்தம் அப்பிடியானதாம்."

"ஓம் அம்மா" என்றேன். "எங்கட லாப்பிலயும் அப்பிடித்தான் சொல்லுறவை."

அம்மா தேநீரை ஊதிக் குடித்தார்.

இப்போது வீட்டில் இருக்கிறோம். கவுன்சில் கதவுகளை அகலமாக்கித் தந்திருக்கிறது. மருந்துக்கு நடுவே ஒரு இடைவெளி. பார்க்க வருகிற எல்லோரிடமும் அம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடி அதையே சொல்கிறார்: முந்திச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாதாம், பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுகிறேன்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிந்தது. இதை வாசிக்கிற நீங்கள் யாராவது எங்கள் வீட்டுக்கு வந்தால், உங்களிடமும் அப்படித்தான் சொல்வார். ஓம் என்று சொல்லுங்கள்.